காக்கர்மவுத் வக்கீலுக்கு வராத பாக்கி

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டாஃபோடில்ஸ் கவிதையை மனப்பாடம் செய்தோம். மஞ்சள் பூக்கள், ஏரிக்கரை, தனியாக அலையும் மேகம். அவ்வளவுதான். அந்த மனிதருக்கும் ஒரு வீடு, அண்ணன் தம்பிகள், பணக்கஷ்டம் எல்லாம் இருந்திருக்கும் என்று அந்த வயதில் தோன்றவே இல்லை.

வெகுநாள் கழித்து அவருடைய வாழ்க்கையைப் படிக்க உட்கார்ந்தபோது, தொடக்கப் பக்கங்களிலேயே அப்பாவைப் பற்றி ஒரு செய்தி வந்தது. பெயர் ஜான் வேர்ட்ஸ்வொர்த். காக்கர்மவுத் ஊரில் வக்கீல். மில்லம் பகுதிக்குக் கரோனர், அதாவது திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. 42 வயதில் இறந்தபோது, அவருடைய முதலாளி அவருக்குத் தரவேண்டிய பாக்கி ஏறக்குறைய 4,700 பவுண்டு.

அதற்கு மேல் அன்று படிக்க முடியவில்லை. என் தாத்தா ஒரு பண்ணையில் காரியஸ்தராக இருந்தவர். அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது ஒரு பழைய கணக்கு நோட்டு. வலது பக்கம் முழுக்க ‘வரவேண்டியது’ என்று எழுதி, எதிரே தொகைகள். எதுவும் வரவில்லை. பாட்டி அந்த நோட்டைத் தூக்கிப் போடவும் விடவில்லை, யாரையும் பிரித்துப் பார்க்கவும் விடவில்லை. ஆகவே காக்கர்மவுத் வக்கீலின் கதையை நான் ஒரு கவிஞரின் முன்கதையாகப் படிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், அன்று கம்பர்லாந்து என்று அழைக்கப்பட்ட மாவட்டத்தில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது காக்கர்மவுத். கடைத்தெருவிலேயே அந்த வீடு. 1745-இல் கட்டியது, ஊரிலேயே பெரிய வீடுகளில் ஒன்று. பின்னால் தோட்டம், தோட்டத்தின் கடைசியில் ஆற்றைப் பார்த்தபடி உயர்த்திக் கட்டிய நடைமேடை. வீடு ஜானுடையது அல்ல. முதலாளி சர் ஜேம்ஸ் லவுதருடையது. வாடகை கிடையாது. அந்த வேலைக்கு அந்த வீடு. பிள்ளைகள் ஐந்து பேரும் அங்கேதான் பிறந்தார்கள்: ரிச்சர்ட் 1768-இல், வில்லியம் 1770-இல், டோரதி 1771 கிறிஸ்துமஸ் அன்று, ஜான் 1772-இல், கிறிஸ்டோபர் 1774-இல்.

இன்று சொலிசிட்டர் என்கிறோமே, அந்த வேலையைப் பார்த்தவர்களை அன்று பெரும்பாலும் அட்டர்னி என்றார்கள். பத்திரம் எழுதுவது, நிலத்தகராறு, குத்தகை, உயில், வழக்குக் கட்டு தயார் செய்வது. ஜான் அதையெல்லாம் செய்தார். ஆனால் அவர் நேரம் முழுவதையும் தின்றது லவுதரின் காரியம்தான். ஜானின் அப்பாவும் லவுதர் குடும்பத்துக்குத்தான் காரியஸ்தர். இரண்டு தலைமுறை விசுவாசம்.

லவுதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நிலம், வைட்ஹேவன் நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம் என்று வடக்கில் அவரை மிஞ்சிய பணக்காரர் இல்லை. அவர் கைகாட்டிய ஒன்பது பேர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காக்கர்மவுத்தில் ஓட்டுரிமை ஆளுக்கு இல்லை, குறிப்பிட்ட சில வீட்டு மனைகளுக்குத்தான். மனையை வாங்கினால் ஓட்டும் கூடவே வந்துவிடும். லவுதர் அந்த மனைகளை வாங்கிக் குவித்தார். அதற்கான பத்திரம், ஆள்பிடிப்பு, தேர்தல் சமயத்தில் வாக்காளர்களுக்குச் சாப்பாடும் குடியும், இதையெல்லாம் ஊரில் இருந்து நடத்த ஒரு ஆள் வேண்டும். ஜான்தான் அந்த ஆள். முதலில் தன் கையிலிருந்து செலவு செய்வார், பிறகு கணக்கு அனுப்புவார். முதலாளி பிறகு பார்க்கலாம் என்பார். பெரிய இடத்துக் காரியஸ்தர்களுக்கு எந்த ஊரிலும் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். கேட்டால் வேலை போய்விடும், கேட்காவிட்டால் பணம் போய்விடும்.

ஊர் மக்கள் லவுதரை வெறுத்தார்கள். வெறுப்பு முதலாளியோடு நிற்குமா, அவருடைய ஆளின் மேலும் விழத்தானே செய்யும்? ஜானுக்கு ஊரில் மனம்விட்டுப் பேச அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்தக் கரோனர் வேலை. தமிழ்நாட்டில் சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணை, ஆர்.டி.ஓ. விசாரணை என்றுதான் கேட்டிருப்போம். இலங்கைத் தமிழர்களுக்கு இது பழகிய பதவி. அவர்கள் செய்தித்தாளில் ‘திடீர் மரண விசாரணை அதிகாரி’ என்று அடிக்கடி படிப்பார்களே, அவர்தான். இங்கிலாந்தில் இந்தப் பதவி 1194-இல் தொடங்கியது. அரசுக்கிரீடத்தின் நலனைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் கரோனர் என்று பெயர். தொடக்கத்தில் மரணத்தைவிட மரணத்தால் அரசனுக்கு என்ன சேரவேண்டும் என்பதுதான் முக்கியமாக இருந்தது. ஒருவர் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் செத்தால் அந்தச் சக்கரத்தின் விலை கிரீடத்துக்குப் போகும். இந்த வழக்கம் 1846 வரை இருந்தது.

ஜான் காலத்தில் வேலை இப்படி நடக்கும். எங்கேயாவது ஒரு பிணம் கிடக்கிறது என்று தகவல் வரும். கரோனர் குதிரையில் போவார். அக்கம்பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரையாவது ஜூரியாகக் கூட்டுவார். பெரும்பாலும் பக்கத்துச் சத்திரத்தில்தான் விசாரணை. எல்லாரும் உடலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், அது சட்டம். பிறகு சாட்சி கேட்டு, இது விபத்தா, கொலையா, தற்கொலையா, கடவுள் செயலா என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார். தற்கொலை என்று எழுதிவிட்டால் செத்தவரின் உடைமைகள் பறிபோகும், உடலை நாற்சந்தியில் புதைப்பார்கள். ஆகவே அந்த ஒரு சொல்லை எழுதும்போது, எதிரில் நிற்கும் மனைவியின் முகத்தையும் கரோனர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

மில்லம் என்பது டட்டன் ஆறு கடலில் விழும் இடம். கடல் வற்றும்போது கழிமுக மணலில் நடந்தும் வண்டியிலும் குறுக்கே கடந்துவிடுவார்கள். சுற்றிப் போனால் பல மைல். மணலில் வழி தவறினாலோ, கடல் ஏறும் நேரத்தைத் தப்பாகக் கணித்தாலோ முடிந்தது. இந்த மில்லம் பிரபுநிலத்துக்குத் தனிக் கரோனர் உண்டு, அந்தப் பதவியும் ஜானிடம். காக்கர்மவுத்திலிருந்து 40 மைலுக்கு மேல். இடையில் மலைச்சரிவுகள்.

வீட்டில் அவர் எப்படிப்பட்ட அப்பா? பிள்ளைகள் பெரும்பகுதி நாள் அவரைப் பார்த்ததே இல்லை, எப்போதும் பயணம். ஆனால் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்பென்சர் மூவரின் நீண்ட பகுதிகளை வில்லியமுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தார். தன் புத்தக அலமாரியைப் பூட்டி வைக்கவில்லை. சிறுவன் இஷ்டம்போல எடுத்துப் படித்தான். பத்திரமும் பிணமும் தேர்தல் கணக்குமாக அலைந்த ஒரு வக்கீல், மகனுக்கு மில்டனை மனப்பாடமாகக் கொடுத்திருக்கிறார். அந்தக் கவிஞரின் காதுக்கு யாப்பு முதலில் ஏறியது அந்த வீட்டில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்மா ஆன், பென்ரித் ஊரில் துணிக்கடை வைத்திருந்த குக்சன் குடும்பத்துப் பெண். 1778 மார்ச்சில், முப்பது வயதில், நுரையீரல் காய்ச்சலில் போய்விட்டார். லண்டனில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கியபோது, உபயோகிக்காமல் கிடந்த நல்ல படுக்கையறையை மரியாதைக்காகக் கொடுத்ததில் ஈரம் பிடித்த படுக்கையில் படுத்ததுதான் காரணம் என்று குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள். அதன் பிறகு அப்பா பழைய கலகலப்புக்குத் திரும்பவே இல்லை என்று வில்லியம் முதுமையில் சொல்லியிருக்கிறார்.

பையன்கள் ஹாக்ஸ்ஹெட் பள்ளிக்குப் போனார்கள். ஆறு வயதான டோரதியை ஹாலிஃபாக்ஸில் இருந்த எலிசபெத் த்ரெல்கெல்டிடம் அனுப்பினார்கள். ஆனின் ஒன்றுவிட்ட சகோதரி, நம் வழக்கப்படி பெரியம்மா முறை. அன்பான வீடுதான், டோரதியே அப்படி எழுதியிருக்கிறாள். ஆனால் அப்பா உயிரோடு இருந்த ஐந்தே முக்கால் ஆண்டில் ஒரு விடுமுறைக்குக்கூட, தன் பிறந்தநாளான கிறிஸ்துமஸுக்குக்கூட, அவளை வீட்டுக்கு அழைக்கவில்லை. அம்மா இறந்த பின் அப்பாவின் கூரைக்குக் கீழே ஒரு நொடிகூட இருந்ததில்லை என்று பெரியவளான பிறகும் அவள் வருந்தி எழுதினாள். ஜான்மேல் எனக்கு வருத்தம் உண்டென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான். பெண் குழந்தையை அம்மா இல்லாத வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று அன்றைய நியாயம் இருந்திருக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்குமா?

ஹாக்ஸ்ஹெட்டில் வில்லியம் சேர்ந்த புதிதில், 1779 ஜூன் மாதம், எஸ்த்வெய்ட் ஏரிக்கரையில் யாரோ கழற்றி வைத்த துணிகள் ஒரு குவியலாகக் கிடப்பதைப் பார்த்தான். இருட்டும்வரை யாரும் வந்து எடுக்கவில்லை. மறுநாள் படகுகளில் போய்த் துழாவினார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் உடல் நிமிர்ந்தபடி தண்ணீருக்கு மேலே வந்தது. பயப்படவில்லை, கதைகளில் இப்படிப் படித்திருந்தேன் என்று பின்னாளில் எழுதினார். எட்டு, ஒன்பது வயது கரோனர் மகன். மூழ்கிய உடலைப் பற்றி அவன் கதைப் புத்தகத்தில் மட்டும்தான் கேட்டிருப்பானா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

1783 குளிர்காலத்துக்கு வருவோம். மில்லத்தில் கரோனர் வேலை முடித்துவிட்டு ஜான் குதிரையில் திரும்பிக்கொண்டிருந்தார். கோல்ட் ஃபெல் என்ற மேட்டுநிலத்தில் இருட்டில் வழி தவறியது. ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லாமல் இரவு முழுவதும் வெட்டவெளியில் இருந்தார். மறுநாள் வீடு வந்து சேர்ந்தார். நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டிசம்பர் 30 அன்று இறந்துபோனார். வழி தவறியவர்களுக்காக விசாரணை நடத்திவிட்டு வந்தவர் வழி தவறிச் செத்தார்.

பையன்கள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பள்ளியிலிருந்து அவர்கள் கிளம்பும் முன்பு நடந்ததைத்தான் வில்லியம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. அழைத்துப் போக அப்பா குதிரை அனுப்புவார். இரண்டு பாதைகளில் எதில் வரும் என்று தெரியாததால், பதின்மூன்று வயதுப் பையன் இரண்டும் தெரியும் ஒரு மேட்டில் ஏறிக் காத்திருந்தான். காற்று, மூடுபனி. ஒரு மொட்டைச் சுவரின் மறைவில் உட்கார்ந்திருந்தான். வலப்பக்கம் ஒற்றை ஆடு, இடப்பக்கம் காற்றில் விசிலடிக்கும் ஒரு முள்மரம். எப்போது வருவார்கள், எப்போது வீடு போவோம் என்ற தவிப்பு. பிறகு அண்ணன் தம்பிகளோடு அப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தபோது, அவ்வளவு ஆசைப்பட்டதற்குத்தான் இந்தத் தண்டனையோ என்று அவனுக்குப் பட்டது. ஒரு குழந்தை தன்னைத்தானே விசாரித்துத் தீர்ப்பும் எழுதிக்கொள்கிறது. அவருடைய கவிதைகளிலேயே எனக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். அந்த ஆட்டையும் சுவரையும் முள்மரத்தையும் நினைத்து மீண்டும் மீண்டும் தண்ணீர் குடிக்கிற மாதிரி அங்கே போய்வருவேன் என்கிறார்.

ஜானைக் காக்கர்மவுத்திலேயே புதைத்தார்கள். ஆன் பென்ரித்தில். அப்பா ஒரு ஊரில், அம்மா ஒரு ஊரில்.

அதே டிசம்பரில் லண்டனில் என்ன நடந்தது என்று பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஜான் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு, 24 வயது வில்லியம் பிட் பிரதமரானார். 1781-இல் அவருக்கு முதல் நாடாளுமன்ற இடத்தைக் கொடுத்தவர் லவுதர். நன்றிக்கடன் உடனே தீர்ந்தது. 1784-இல் லவுதர், லான்ஸ்டேல் பிரபு ஆனார். காரியஸ்தரின் கடன் மட்டும் தீரவில்லை.

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது, சாமான்கள் ஏலத்தில் போயின. பிள்ளைகளின் பொறுப்பு வைட்ஹேவனில் இருந்த பெரியப்பாவுக்கும் பென்ரித் தாய்மாமனுக்கும் வந்தது. 1787-இல், ஒன்பது ஆண்டு கழித்து, டோரதி அண்ணன் தம்பிகளைப் பென்ரித்தில் மறுபடி பார்த்தாள். அந்தச் சமயத்தில் தோழிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. பள்ளி விடுமுறை விட்டும் பையன்களை அழைத்துவர மாமா குதிரை அனுப்பவில்லை. ஒரு வாரம் அங்கேயே கிடந்தார்கள். குதிரைக்காகக் காத்திருப்பது அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து போலிருக்கிறது. வேலைக்காரர்கள்கூட மரியாதைக் குறைவாக நடத்துகிறார்கள், நாங்கள் பேச உட்கார்ந்தால் கடைசியில் எங்களுக்கு ஒரு அப்பாவும் ஒரு வீடும் இருந்திருந்தால் என்று சொல்லித்தான் எழுந்திருக்கிறோம் என்று எழுதுகிறாள். வயது பதினைந்து.

வழக்கு 1791-இல் கார்லைல் நீதிமன்றத்துக்கு வந்தது. பிள்ளைகளுக்காக வாதாடியவர்களில் எட்வர்ட் கிறிஸ்டியன் இருந்தார். ஹாக்ஸ்ஹெட்டில் கொஞ்ச காலம் வில்லியமின் தலைமையாசிரியராக இருந்தவர், ‘பவுன்டி’ கப்பல் கலகத்தால் பேரெடுத்த ஃபிளெட்சர் கிறிஸ்டியனின் அண்ணன். தீர்ப்பு பிள்ளைகள் பக்கமே வந்தது. ஆனால் தொகை எவ்வளவு என்பதை மத்தியஸ்தர் முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். பிரபுவுக்கு அது போதும். இழுத்தடித்தார். நீதிமன்றத்தில் ஜெயித்தும் கையில் காசு வராத நிலை எப்படி இருக்கும் என்று, ஒருமுறையாவது வழக்கு நடத்திய குடும்பங்களுக்குத் தெரியும்.

அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தன்தன் வழியில் ஒதுங்கினார்கள். மூத்தவர் ரிச்சர்ட் அப்பாவைப் போல் அட்டர்னியாகி லண்டனில் வக்கீல் தொழில் பார்த்து, குடும்பக் கணக்கைத் தூக்கிச் சுமந்தார். தம்பி ஜான் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் சேர்ந்தார். கிறிஸ்டோபர் படித்துப் பின்னாளில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரித் தலைவரானார். வில்லியமுக்கு எந்த வேலையும் ஒட்டவில்லை. 1795-இல் இளம்வயதில் இறந்த நண்பர் ஒருவர் 900 பவுண்டு எழுதிவைத்துப் போனதால்தான் அவரும் டோரதியும் ஒரே கூரைக்குக் கீழே வாழ முடிந்தது. அப்பாவின் பணம் செய்திருக்க வேண்டியதை ஒரு நண்பரின் உயில் செய்தது.

1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் அந்த டாஃபோடில்ஸைப் பார்த்த நாள். டோரதியின் நாட்குறிப்பில் அது இருக்கிறது. சில பூக்கள் களைத்துப்போய்க் கல்மேல் தலைசாய்த்துக் கிடந்தன என்று அவள் எழுதியிருப்பது கவிதையில் கிடையாது. அப்போதும் பாக்கி வரவில்லை. மே மாதம் லான்ஸ்டேல் இறந்தார். அடுத்து வந்த உறவினர் சர் வில்லியம் லவுதர் நல்ல மனிதர். பழைய கடன்களை எல்லாம் தீர்ப்பதாக அறிவித்தார். அக்டோபரில் வில்லியம் திருமணம் செய்துகொண்டார். வட்டியும் சேர்ந்து கடைசியில் 8,000 பவுண்டுக்கு மேல் வந்தது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு கடலுக்குப் போனது. தம்பி ஜான் இப்போது ‘அபர்கவென்னி பிரபு’ என்ற பெரிய கப்பலின் கேப்டன். அவருடைய சரக்கு வியாபாரத்தில் உடன்பிறந்தவர்கள் பணம் போட்டார்கள். வில்லியமும் டோரதியும் கவலையின்றி வாழச் சம்பாதித்துத் தருவேன் என்பது அவர் ஆசை. 1805 பிப்ரவரி 5, வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட கப்பல் போர்ட்லண்ட் அருகே மணல்திட்டில் மோதி, வெய்மவுத் விரிகுடாவில் மூழ்கியது. ஏறக்குறைய 250 பேர் இறந்தார்கள். கேப்டன் கப்பலை விட்டு இறங்கவில்லை. டோரதி சிறுமியாக முதன்முதலில் கடலின் சத்தத்தைக் கேட்டபோது பொங்கி அழுதுவிட்டாள் என்று காக்கர்மவுத் வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்களாம்.

அப்புறம் வில்லியம் செய்ததைப் பலரும் குறை சொல்கிறார்கள். 1813-இல் அந்தப் புதிய லான்ஸ்டேல் பிரபுவின் தயவில் வெஸ்ட்மர்லாந்துக்கு முத்திரை வரி அலுவலரானார். 1818 தேர்தலில் லவுதர்களுக்காக எழுதினார், ஊர் ஊராக ஆதரவு திரட்டினார். அப்பா செய்த அதே வேலை. புரட்சி பேசிய இளைஞன் விலைபோய்விட்டான் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பாக்கியைத் தராமல் இழுத்தடித்தவர் ஒரு லவுதர், கேட்காமலே தீர்த்தவர் இன்னொரு லவுதர். பத்தொன்பது வருடம் காத்திருந்தவனுக்கு அந்த இரண்டாவது மனிதர் எப்படித் தெரிந்திருப்பார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1930-களில் காக்கர்மவுத் வீட்டை இடித்துப் பேருந்து நிலையம் கட்டப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் பணம் திரட்டி மீட்டு, 1938-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். லவுதரின் ஆள் என்று ஒருகாலத்தில் தள்ளி நின்று பார்த்த ஊர்.

டோரதி 1794-இல் அண்ணனோடு அந்த ஊர் வழியாகப் போனபோது தோட்டத்தைப் பார்த்தாள். எல்லாம் பாழடைந்து கிடந்தது. ஆற்றோர நடைமேடையைப் புதர்வேலி மூடிவிட்டிருந்தது. ஒருகாலத்தில் ரோஜாக்களோடு பின்னிக்கிடந்த அழகான வேலி அது. சிட்டுக்குருவிகள் கூடு கட்டும் அதே வேலி என்று, பதினோரு ஆண்டு கழித்து எழுதிய கடிதத்திலும் மறக்காமல் குறிப்பிடுகிறாள்.